'சாரி' சொல்லாத ஒரு வாரம்: போர்ட்லண்ட் சிறுமிகளின் ராக் இசை முகாம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தான் வரைந்த படத்தை என்னிடம் நீட்டும் முன்பே "சாரிக்கா, நல்லா வரலை" என்றாள். படத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லை. அடுத்து வந்தவளும் அதையேதான் சொன்னாள். மூன்றாவது பெண் காட்டவே இல்லை. தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு "அப்புறம் காட்டுறேன்க்கா" என்று நழுவிவிட்டாள்.

ஒரு சிறிய ஊரில் கோடை விடுமுறையில் நடத்திய ஓவியப் பட்டறை அது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள். பையன்களும் இருந்தார்கள். அவர்களில் பலருடைய படம் இந்தப் பெண்களின் படத்தைவிடச் சுமார்தான். ஆனாலும் "இங்க பாருங்கக்கா, இங்க பாருங்க" என்று தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வரட்டும் என்று நான் எல்லாப் படத்துக்கும் "சூப்பர்", "பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்து நாள் கழித்தும் அந்த "சாரிக்கா" குறையவில்லை.

அந்த உறுத்தலோடு தேடிப் படித்தபோதுதான் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரத்தில் தொடங்கிய ஒரு முகாமைப் பற்றித் தெரிய வந்தது. சிறுமிகளுக்கு மட்டுமான ராக் இசை முகாம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தப்பாக வாசித்துவிட்டு ஒரு பெண் "சாரி" என்று வாயெடுத்தால், அதை அப்படியே விட்டுவிட்டு "ஐ ராக்!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். "நான் அசத்துகிறேன்" என்று வைத்துக்கொள்ளலாம். தப்பு நடந்த அதே நொடியில் சொல்ல வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

ஒரு சின்ன விளையாட்டு விதி மாதிரி இருக்கும் இதற்குப் பின்னால் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே இந்த ஆய்வை எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்தது

2001-ஆம் ஆண்டு. போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் படித்துக்கொண்டிருந்த மிஸ்டி மெக்கெல்ராய், தன் படிப்பின் ஒரு பகுதியாக இந்த முகாமைத் திட்டமிட்டார். கோடையில் ஒரு வாரம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் வருவார்கள். இசை தெரிந்திருக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை ஒரு வாத்தியத்தைக் கையில் எடுப்பார்கள், ஒரு பேண்டில், அதாவது சிறிய இசைக்குழுவில், சேருவார்கள், சொந்தமாக ஒரு பாட்டு எழுதுவார்கள், வார இறுதியில் ஊரார் முன்னால் மேடையேறி வாசிப்பார்கள். அவ்வளவுதான் திட்டம்.

இது போர்ட்லண்டில் முளைத்தது தற்செயல் அல்ல. பக்கத்து மாநிலமான வாஷிங்டனில், கார் பயணத்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது ஒலிம்பியா. 1990-களின் தொடக்கத்தில் அங்கேதான் 'ரயட் கேர்ல்' என்ற இளம்பெண்களின் பங்க் இசை இயக்கம் பிறந்தது. பங்க் என்பது வேகமும் முரட்டுத்தனமும் கூடிய ஒரு வகை ராக். ராக் கச்சேரிகளில் பையன்கள் முட்டி மோதி முன்வரிசையை அடைத்துக்கொள்வார்கள். பெண்கள் பின்னால் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள். பிகினி கில் பேண்டின் பாடகி கேத்லீன் ஹன்னா மேடையிலிருந்தே "பெண்கள் முன்னால் வாருங்கள்" என்று கூப்பிடுவார். அதே பெண்கள் கையெழுத்திலும் தட்டச்சிலும் சிறுபத்திரிகைகள் தயாரித்து, ஜெராக்ஸ் எடுத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். 'ஸைன்' என்று அதற்குப் பெயர். பின்னாளில் போர்ட்லண்ட் முகாமில் சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர்களில் இந்தச் சூழலிலிருந்து வந்த கலைஞர்களும் உண்டு. ஸ்லீட்டர்-கின்னி பேண்டின் கித்தார் கலைஞர் கேரி பிரௌன்ஸ்டீன் அவர்களில் ஒருவர்.

இன்னொரு பக்கம், அந்தப் பத்தாண்டு முழுக்க அமெரிக்காவில் பெண் பிள்ளைகளின் தன்மதிப்பு பற்றிய கவலை பெரிய பேச்சாக இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் 1991-இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. ஒன்பதிலிருந்து பதினைந்து வயது வரை உள்ள சுமார் 3,000 பிள்ளைகளிடம் கேட்டது. "நான் இருக்கிற விதத்தில் எனக்கு மகிழ்ச்சி" என்று சொன்ன பெண்கள் தொடக்கப் பள்ளியில் 60 சதவீதம். உயர்நிலைப் பள்ளியில் 29 சதவீதம். பையன்களிலும் சரிவு உண்டு, ஆனால் 67-லிருந்து 46-தான். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி சரியவில்லை என்பதையும் அது காட்டியது. கறுப்பினச் சிறுமிகள் தன்மதிப்பை அதிகம் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியானால் இது உடம்பு வளர்வதால் தானாக நடப்பது அல்ல, சுற்றியிருப்பவர்கள் செய்வது. எனக்கு அந்த அறிக்கையில் மிகவும் முக்கியமாகப் பட்டது இந்த இடம்தான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்னர் 1999-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தன்மதிப்பில் ஆண்-பெண் வேறுபாடு அந்தக் கணக்கெடுப்பு ஏற்படுத்திய பரபரப்பு அளவுக்குப் பெரிதல்ல என்று தெரிந்தது. வேறுபாடு இருக்கிறது, பதின்ம வயதின் பிற்பகுதியில் கூடுகிறது, ஆனால் சராசரியில் சிறியதுதான்.

எண்களைவிட எனக்கு நெருக்கமாக இருந்தது வேறொரு ஆய்வு. அமெரிக்க ஆய்வாளர்கள் லின் மைக்கேல் பிரௌனும் கேரல் கில்லிகனும் கிளீவ்லண்ட் நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐந்து ஆண்டுகள், ஏறக்குறைய நூறு சிறுமிகளிடம் உட்கார்ந்து பேசினார்கள். எட்டு வயதில் "எனக்குப் பிடிக்கலை, கோபமா வருது" என்று பளிச்சென்று சொன்ன பிள்ளைகள், பதினொன்று பன்னிரண்டு வயதில் ஒரு வார்த்தையை அடிக்கடி சொல்லத் தொடங்கினார்கள்: "எனக்குத் தெரியலை." தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லப் பழகுகிறார்கள். அதைப் படித்தபோது என் பட்டறையின் "சாரிக்கா" காதில் கேட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு "பொம்பள சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று பழமொழியாகவே சொல்லித்தந்துவிடுகிறோம். அங்கே பழமொழி இல்லை. ஆனால் பாடம் அதேதான்.

அந்த ஒரு வாரம்

முதல் நாள் காலையில் ஒவ்வொரு பெண்ணும் ஒரு வாத்தியத்தைத் தேர்ந்துகொள்கிறாள்: கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ், கீபோர்டு, அல்லது குரல். காலையில் வாத்தியப் பயிற்சி, பிற்பகலில் பேண்டோடு ஒத்திகை, நடுநடுவே சிறு பட்டறைகள், மதிய உணவு வேளையில் வெளியிலிருந்து ஒரு பெண்கள் பேண்ட் வந்து வாசிக்கும்.

ஏன் ராக்? முதலில் இது வெறும் ரசனை சார்ந்த தேர்வு என்றுதான் நினைத்தேன். விவரமாகப் பார்த்த பிறகு அபிப்பிராயம் மாறிவிட்டது.

ராக் கித்தாரில் 'பவர் கார்டு' என்று ஒன்று உண்டு. இரண்டே ஸ்வரம், நம் கணக்கில் சட்ஜமமும் பஞ்சமமும். இரண்டு விரலை ஒரு வடிவத்தில் வைத்துவிட்டால், அதே வடிவத்தை மேலும் கீழும் நகர்த்தியே ஒரு பாட்டுக்கு வேண்டிய அத்தனையையும் வாசித்துவிடலாம். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக வைத்தால் அந்த இரண்டு ஸ்வரமே ஒரு மதில் மாதிரி எழுந்து நிற்கும். டிரம்ஸும் அப்படித்தான். நாலு எண்ணிக்கையில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் காலால் பெரிய டிரம்மை மிதி, இரண்டுக்கும் நாலுக்கும் கையால் சின்ன டிரம்மை அடி. இவ்வளவு தெரிந்தால் ஒரு பேண்ட் ஓடும். எட்டு வயதுக் குழந்தை ஒரு காலைப் பொழுதில் அந்த இடத்துக்கு வந்துவிட முடியும்.

நம் பாட்டு கிளாஸை நினைத்துப் பாருங்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஆண்டுக்கணக்கில் ஏறிய பிறகுதான் அரங்கேற்றம். அந்த முறையின் அருமை வேறு. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தன் குரல் மேலேயே சந்தேகம் வரத் தொடங்கியிருக்கும் பத்து வயதுப் பெண்ணுக்கு, "இன்னும் சரியாகவில்லை, இன்னும் சரியாகவில்லை" என்று ஐந்து வருடம் கேட்டுக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. ராக்கின் நுழைவாசல் தாழ்வானது, யாரும் உள்ளே போய்விடலாம். உள்ளே போனபின் ஏறுவதற்கு வேண்டிய அளவு உயரமும் இருக்கிறது. படைப்புப் பட்டறைக்குக் கலை வடிவம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது உடம்பு. டிரம்ஸ் வாசிக்க வேண்டுமானால் காலை அகட்டித்தான் உட்கார வேண்டும், வேறு வழியே இல்லை. "காலைச் சேர்த்து உட்காரு" என்று நம் பெண் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள்! கையை ஓங்கி அடிக்காவிட்டால் சத்தம் வராது. பெண்கள் தங்களைச் சுற்றியுள்ள இடத்தை முழுசாகப் பயன்படுத்தாமல் குறுக்கிக்கொள்ளப் பழக்கப்படுத்தப்படுகிறார்கள் என்று தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங் 1980-இல் எழுதினார். பந்தை எறியும்போதுகூட முழு உடம்பையும் போட்டு எறிவதில்லை, கையை மட்டும் அசைக்கிறார்கள் என்பது அவர் எடுத்துக்காட்டு. "தைரியமா இரு" என்று வாயால் சொல்வது வேறு. தைரியமான உடம்பு எப்படி உட்காருமோ அப்படி ஒருத்தியை உட்கார வைப்பது வேறு. டிரம்ஸ் பேசாமல் இரண்டாவதைச் செய்துவிடுகிறது.

அப்புறம் மைக். மைக் முன்னால் முணுமுணுத்தாலும் அறை முழுக்கக் கேட்கும். தன் குரல் இவ்வளவு பெரிதாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காத பிள்ளை முதலில் பின்வாங்குவாள். அதையும் அவளே சமாளிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்புவது, வயரை மாட்டுவது, எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரிந்துகொள்வது எல்லாமே அவள் வேலை. கச்சேரி மேடையில் பெண் பாடுவாள், பின்னால் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பவர் ஆணாக இருப்பார் என்ற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. இங்கே ஒலிக்கருவிகளைக் கையாள்வதும் பாடத்தில் சேர்த்தி.

இந்தப் பின்னணியில் "சாரி" விதியை மறுபடி பாருங்கள். இவ்வளவு சத்தமான ஒரு இடத்தில் தப்பு ஒளிந்துகொள்ள முடியாது. தப்பான இடத்தில் அடித்த டிரம் எல்லோருக்கும் கேட்கும். அந்த நேரத்தில் "பரவாயில்லை, தப்பே இல்லை" என்று பெரியவர்கள் பூசி மெழுகினால் பிள்ளை நம்ப மாட்டாள். அவள் காதிலும்தான் விழுந்திருக்கிறதே. விதி சொல்வது வேறு: தப்பு நடந்தது, நீ இன்னும் இங்கேதான் இருக்கிறாய், அடுத்த எண்ணிக்கையில் சேர்ந்துகொள். மன்னிப்பு என்பது இன்னொருவருக்குத் தீங்கு செய்தபோது கேட்பது. கற்றுக்கொள்கிறவள் தடுமாறியது யாருக்கும் செய்த தீங்கு அல்ல. அந்த வேறுபாட்டை எட்டு வயதில் விளக்கிச் சொல்வது கடினம். ஒரு வாரம் முழுக்க அந்த வார்த்தையை மாற்றிச் சொல்ல வைப்பது எளிது.

பேண்ட் என்னும் சிறு குடும்பம்

ஒரே வயதை ஒட்டிய, முன்பின் தெரியாத நாலைந்து பெண்கள் திங்கட்கிழமை ஒரு பேண்டாகிறார்கள். முதல் சண்டை பெரும்பாலும் பேண்டின் பெயருக்குத்தான். ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குப் பிடிக்காது. அப்புறம் யார் பாடுவது, பாட்டு எதைப் பற்றி, முதலில் கித்தாரா டிரம்ஸா? ஒவ்வொரு பேண்டுக்கும் வழிகாட்டியாக ஒரு பெரியவர் இருப்பார். ஆனால் முடிவெடுப்பது அவர் வேலை இல்லை. அறையிலேயே இருப்பார், சண்டை எல்லை மீறாமல் பார்ப்பார், "நீ என்ன நினைக்கிறே, அதை அவகிட்டயே சொல்லு" என்று திருப்பிவிடுவார்.

"நல்ல பெண்" சண்டை போட மாட்டாள், விட்டுக்கொடுத்துப் போவாள் என்பதுதான் வெளியே அவளுக்குக் கிடைக்கும் பாடம். விட்டுக்கொடுத்தே பழகியவள் ஒரு பேண்டில் "எனக்கு இந்த வரி பிடிக்கலை" என்று சொல்லக் கற்றுக்கொள்வது, மேடையில் கித்தார் வாசிப்பதைவிடப் பெரிய காரியம் என்பது என் கருத்து. சொன்ன பிறகும் மறுநாள் அதே ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தே ஆக வேண்டும். எதிர்த்துப் பேசினால் உறவு முறிந்துவிடாது என்பதை அவள் கண்ணெதிரே பார்க்கிறாள். வெறும் கைவேலைப் பட்டறைகளில், ஒவ்வொரு பிள்ளையும் தன் தாளோடு தனியாக உட்கார்ந்திருக்கும்போது, இது நடக்க வாய்ப்பே இல்லை. என் ஓவியப் பட்டறையில் நடக்கவில்லை.

பாட்டை அவர்களே எழுதுகிறார்கள். தலைப்பை யாரும் கொடுப்பதில்லை. "பெண்ணின் பெருமை பற்றி எழுதுங்கள்" என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே நாய்க்குட்டி பற்றிய பாட்டும் வரும், பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவளைப் பற்றிய பாட்டும் வரும், வெறும் கத்தலாகவே ஒரு பாட்டு வரும். எல்லாவற்றுக்கும் ஒரே மேடை. நம் பள்ளிகளில் பெண் குழந்தைகள் தினம் வந்தால் ஆசிரியர் எழுதிக்கொடுத்த கவிதையைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்கிறாள். அவளுடைய நாய்க்குட்டிக்கு அங்கே இடம் இருப்பதில்லை.

பக்கப் பட்டறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தற்காப்புப் பயிற்சி உண்டு, ஸைன் தயாரிப்பு உண்டு, சட்டையில் பேண்ட் பெயரை அச்சடிப்பது உண்டு, விளம்பரங்களில் பெண் உடல் எப்படிக் காட்டப்படுகிறது என்று பேசுவது உண்டு, ராக் வரலாற்றில் பெண்களைப் பற்றிய வகுப்பு உண்டு. போர்ட்லண்டைப் பார்த்துப் பின்னர் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய முகாம், வில்லி மே தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகியின் பெயரையே சூட்டிக்கொண்டது. எல்விஸ் பிரெஸ்லி 1956-இல் பாடிப் பெரும்புகழ் அடைந்த ஒரு பாட்டை 1952-லேயே பதிவு செய்தவர் அவர். டிரம்ஸும் வாசிப்பார், ஹார்மோனிகாவும் வாசிப்பார். அவரைப் பற்றிக் கேள்விப்படாமலே ஒரு பெண் "ராக் ஆம்பிளைங்க சமாச்சாரம்" என்று நினைத்து வளர்கிறாள் என்றால், அந்த வரலாற்று வகுப்பு எவ்வளவு அவசியம்!

முகாமில் கற்பிப்பவர்கள், பெட்டி தூக்குபவர்கள், ஒலி அமைப்பவர்கள் என்று எல்லோரும் பெண்கள். இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. ஒரு வாரம் முழுக்க, கனமான ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போகிறவள் பெண், அறுந்த கம்பியை மாற்றுகிறவள் பெண், பழுதான வயரைப் பற்றவைக்கிறவள் பெண். பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வயது வந்த பெண்களுக்கென்று மூன்று நாள் முகாம் ஒன்றையும் பின்னர் நடத்தினார்கள். அதில் வரும் பணம் சிறுமிகளின் முகாமுக்கு உதவும். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அம்மாவும் முதல் முறையாக டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து தடுமாறுகிறாள் என்பது மகளுக்குத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்!

வார இறுதியில் மேடை. பள்ளிக்கூட ஹால் அல்ல. டிக்கெட் வாங்கி ஆட்கள் வரும் அசல் கச்சேரி இடம். விளக்கு, ஒலிபெருக்கி, கூட்டம். ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரே ஒரு பாட்டு. நடுவில் நின்றுபோனால் மறுபடி தொடங்குவார்கள். கூட்டம் காத்திருக்கும்.

ஏன் பலிக்கிறது, எங்கே பலிக்கவில்லை

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை நான்கு வழியில் வருகிறது என்றார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் படபடப்பை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதுதான் மிக வலுவானது. நாம் நடத்தும் பெரும்பாலான "தன்னம்பிக்கைப் பயிற்சி"களைப் பாருங்கள். முழுக்க மூன்றாவதிலேயே நிற்கின்றன. ஒரு பேச்சாளர் வருவார், "உங்களால் முடியும்" என்பார், கைதட்டல், தேநீர், சான்றிதழ். போர்ட்லண்ட் முகாம் முதலாவதையும் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டது. மேடைக்குப் போகும் முன் வயிறு பிசைவதை "பயம்" என்று வைத்துக்கொள்ளாமல் "கச்சேரிக்கு முன்னால் எல்லாருக்கும் இப்படித்தான்" என்று கூடச் சொல்ல அங்கே அனுபவப்பட்ட பெண்கள் இருந்தார்கள், அது நான்காவது.

பாராட்டைப் பற்றி நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். நெதர்லாந்தில் எடி புரூமெல்மன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட சோதனை ஒன்று. எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான 240 பிள்ளைகள் வான் கோவின் ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு "அழகா வரைஞ்சிருக்கே" என்று குறிப்பு வந்தது, சிலருக்கு "நம்பவே முடியாத அளவுக்கு அழகு" என்று வந்தது, சிலருக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்து எளிய படம் வேண்டுமா, கடினமான படம் வேண்டுமா என்று கேட்டார்கள். தன்மதிப்பு குறைந்த பிள்ளைகளில், மிகைப் பாராட்டுப் பெற்றவர்கள் எளிய படத்தின் பக்கம் ஒதுங்கினார்கள். அடுத்த முறையும் அவ்வளவு உயரத்தைத் தொட வேண்டுமே என்ற பயம். பெரியவர்கள் அந்த மிகைப் பாராட்டைத் தேடித் தேடித் தருவதும் தன்மதிப்பு குறைந்த பிள்ளைகளுக்குத்தான் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. என் "பிரமாதம்" எல்லாம் எங்கே போய் விழுந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

குறைகளுக்கு வருகிறேன். ஒரு வார முகாமின் விளைவை முகாம் முடிந்த கையோடு கேட்டால் எல்லோரும் உற்சாகமாகத்தான் பதில் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து, பழைய வகுப்பறையில், பழைய தோழிகள் நடுவில் அவள் எப்படி இருக்கிறாள் என்பதே அசல் கேள்வி. இப்படிப்பட்ட முகாமுக்கு மகளை அனுப்பும் பெற்றோர் ஏற்கெனவே அவளுக்கு ஊக்கம் தருகிறவர்களாக இருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குறுகிய பயிற்சியின் பலன் கரைந்துபோவதற்குச் சான்று உண்டு. பிரிட்டன் பள்ளிகளில் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு உடல் தோற்றம் பற்றி ஆசிரியர்கள் நடத்திய 90 நிமிட வகுப்பு ஒன்றை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். வகுப்பு முடிந்தவுடன் முன்னேற்றம் தெரிந்தது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது அது நிலைக்கவில்லை. முகாம் 90 நிமிடம் அல்ல, ஐந்து முழு நாள், செய்வதும் வேறு. ஆனாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான். முகாமின் அருமையை நான் நம்புகிறேன், அதற்காக எண்களை இல்லாத இடத்துக்கு இழுக்க மாட்டேன்.

பணமும் ஒரு தடை. கித்தாரும் டிரம்ஸும் விலை கூடியவை. வசதிக்கேற்ற கட்டணம், உதவித்தொகை என்று முகாம்கள் சமாளித்தாலும், தன்னார்வலர்களின் சம்பளமில்லாத உழைப்பில்தான் வண்டி ஓடுகிறது. "பெண்களுக்கு மட்டும்" என்ற வரையறைக்குள் திருநர் பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி எழுந்து, பல முகாம்கள் கதவை அகலத் திறந்தன. இப்படி ஊருக்கு ஊர் முளைத்த முகாம்கள் 2007-இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. போர்ட்லண்ட் முகாமைப் பற்றிய ஆவணப்படம் 2008-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான யோசனை அல்ல. காஞ்சிபுரம் அருகே, கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 2002-இலிருந்து 2020 வரை நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்துப் படித்தார்கள். ஆண்களே பெண் வேடமும் கட்டி ஆடிவந்த கலை அது. அங்கே சிறுமிகள் தலையில் மரக் கிரீடம், தோளில் புஜக்கட்டை கட்டி, சலங்கையோடு சுழன்று, விடிய விடிய ஆடும் கூத்தின் வீர வேடங்களை ஏற்றார்கள். துரியோதனன் வேடம் கட்டியவள் காலைச் சேர்த்து, குரலைத் தணித்து நிற்க முடியாது. டிரம்ஸ் போர்ட்லண்டில் செய்த வேலையை இந்த மரக்கட்டை அணிகள் இங்கே செய்திருக்கின்றன. ராக்கைப் போல ஒரு வாரத்தில் கைக்கு வருவது அல்ல கூத்து. அது வருடக்கணக்கான உழைப்பு. பருவமடைந்ததும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் சமூகத்தின் அழுத்தம் வேறு. ஆனாலும் உரத்த குரலும் விரிந்த உடம்பும் வேண்டும் கலைகள் நம்மிடமே இருக்கின்றன. பட்டறை என்றதும் நாம் ஏன் பெண் பிள்ளைகளுக்குக் காகிதப் பூவும் கோலமும் மட்டும் கொடுக்கிறோம் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

நான் மாற்றியது

அடுத்த கோடையில் டிரம்ஸ் வாங்க என்னிடம் பணம் இல்லை. போர்ட்லண்ட் திட்டத்திலிருந்து ஸைனை எடுத்துக்கொண்டேன். ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டித் திரும்ப மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். நான்கு பேர் ஒரு குழு. எதைப் பற்றி என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மாலை ஊர்ச் சந்தையில் அதை விற்க வேண்டும், ஒரு பிரதி ஐந்து ரூபாய். யாருக்கும் "சூப்பர்" சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "இந்தப் பக்கத்துல என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்டேன். முதல் இரண்டு நாளும் அது எனக்கே கஷ்டமாக இருந்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மூன்றாம் நாள் ஒரு குழுவில் அட்டைப்படத்துக்காகப் பெரிய சண்டை வந்து இரண்டு பேர் அழுதார்கள். நான் குறுக்கே போகவில்லை. மறுநாள் அந்தப் புத்தகத்துக்கு முன்னட்டையில் ஒன்று, பின்னட்டையில் ஒன்று என்று இரண்டு அட்டைப்படம் இருந்தன.

"சாரி" விதியையும் வைத்தோம். "ஐ ராக்" நம் வாயில் ஒட்டவில்லை. என்ன சொல்லலாம் என்று பிள்ளைகளிடமே விட்டேன். "சரி, அடுத்து!" என்று ஒருத்தி சொன்னாள், அதுவே நிலைத்துவிட்டது.

ஜெராக்ஸ் எடுக்க நான் போகவில்லை, குழுவுக்கு ஒருத்தி போக வேண்டும் என்பது ஏற்பாடு. போன வருடம் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நழுவியவளும் அந்த வரிசையில் நின்றாள். நான் கடைக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். முதல் பிரதி வந்தது. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"அண்ணா, சாரி..." என்று தொடங்கினாள். நிறுத்தினாள். "அண்ணா, நாலாம் பக்கத்துல கறுப்பு சரியா விழலை. திரும்பப் போடுங்க."

அவர் மெஷின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு, திரும்பப் போட்டார்.